கெடாத சாமை மாவும் ஒற்றைக் குளோனும்

ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "மேடம், எந்த வசதியும் இல்லாத அந்தக் காலத்தில் மரபணுவை எப்படிக் குளோன் செய்தீர்கள்?" கேட்டுவிட்டு, பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லிக் கண்ணைக் கசக்குவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, கைக்கும் வந்தது. எதில் எதை எத்தனை சொட்டுச் சேர்த்தோம் என்பதெல்லாம் இன்று நீங்கள் வாங்கும் கிட்டுக்குள் இருக்கும் தாளிலேயே அச்சடித்து வருகிறது. அந்தத் தாளில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். கையில் ஓர் அழகான முடிவு வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அது.

மோசமான முடிவு வந்தால் நீங்களே சந்தேகப்படுவீர்கள், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளைக் கவிழ்ப்பது அழகான முடிவுதான்.

நான் சேந்தமங்கலத்துக்காரி. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கடைத்தெருவில் தானியக் கடை. கொல்லிமலையிலிருந்து இறங்கும் சாமை, தினை, கேழ்வரகெல்லாம் எங்கள் கடை வழியாகத்தான் நாமக்கல் போகும். சாமை மாவில் ஒரு தொல்லை உண்டு. உமி இருக்கும்வரை தானியத்துக்கு ஒன்றும் ஆகாது. உமியை நீக்கி மாவாக்கிவிட்டால் சில நாளிலேயே காறல் வாடை அடிக்கத் தொடங்கிவிடும். தானியத்துக்குள்ளேயே இருக்கும் லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி, மாவில் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பிடித்துச் சிதைப்பதால் வரும் வினை அது. நான் பின்னாளில் கொழுப்பு அமில நொதிகளைப் பற்றிப் படிக்கப் போனதற்குக் காரணம் ஆர்வம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். கடையில் அந்த வாடையை மோந்து மோந்து வளர்ந்ததுதான் உண்மைக் காரணம்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆய்வகத்தில் எனக்கென்று ஒரு சிறிய குழு இருந்த சமயம், கமால் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். அத்தாவுக்குப் பிறகு கடை அவர் பொறுப்பு. பையிலிருந்து ஒரு மாவுப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மோந்து பாரும்மா. போன மழைக்கு முன்னாடி இடிச்ச மாவு."

மோந்தேன். புது மாவு மாதிரி இருந்தது. நம்பவில்லை. ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டேன். கசப்பு துளியும் இல்லை.

"யாரு வீட்டுதுண்ணே?"

"மேல திருப்புலி நாட்டுல நல்லம்மாள்னு ஒரு அம்மா. அவங்கூட்டுச் சாமை மட்டும் கெடாதுன்னு மலையில எல்லாருக்கும் தெரியும். பேச்சுக்குச் சொல்றாங்கன்னுதான் நானும் நெனச்சேன். பல வருஷமாப் பாக்கறேன், நெசந்தான்."

அன்றைக்கே அந்த மாவைச் சோதித்தோம். அதற்கு எளிய முறை ஒன்று உண்டு. நீலச் சாயம் கலந்த நீரில் கொழுப்பு அமிலத்தையும் மாவையும் போட்டால், நொதி உயிரோடு இருக்கும் மாவு சாயத்தை வெளுக்கடித்துவிடும். கடையிலிருந்து அண்ணன் கொண்டுவந்திருந்த மற்றச் சாமை மாவெல்லாம் நீலத்தை வெளுத்தது. நல்லம்மாள் வீட்டு மாவில் நீலம் அப்படியே நின்றது. ஆக, அந்தச் சாமையில் இந்த நொதி வேலை செய்யவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த எண்ணம் தானாக வந்துவிடும்: அந்த நொதியை உண்டாக்கும் மரபணு உடைந்திருக்க வேண்டும். எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் உலகத்துச் சாமைக்கெல்லாம் விடிவு பிறந்துவிடும் என்று குழுவே குதித்தது. நானும்தான் குதித்தேன்.

மலைக்குப் போய் நல்லம்மாளிடம் விதை வாங்கி வந்தோம். நிழல்வலைக் கூடத்தில் தொட்டிகளில் விதைத்து, கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் பறித்து, அந்தப் பிஞ்சு மணிகளிலிருந்து மரபணுவைப் பிடித்தோம். வேலையைச் செய்தவர் செந்தில் என்ற ஆய்வு மாணவர். கை சுத்தம், உழைப்பாளி, கொஞ்சம் அவசரக்காரர். மரபணுவை நகலெடுத்து, நகல்களைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, ஒவ்வொரு காலனியிலும், அதாவது ஒற்றைப் பாக்டீரியாவிலிருந்து பெருகிய கூட்டத்திலும், ஒரு நகல் வளர, அதை எழுத்து எழுத்தாகப் படிக்கக் கொடுத்தோம். படித்து வந்த வரிசையைச் செந்தில் என் மேஜையில் விரித்தார். மரபணுவின் நடுவில், இருக்கக் கூடாத இடத்தில், ஒரே ஓர் எழுத்து மாறி நிறுத்தக் குறி விழுந்திருந்தது. நொதி பாதியிலேயே நின்றுவிடும். நாங்கள் என்ன நினைத்தோமோ அதுவே எழுத்தாக எதிரில் இருந்தது.

எங்கள் இயக்குநர் கெட்டவர் இல்லை. நல்ல செய்தியை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதவர், அவ்வளவுதான். மாவட்டத்துக்குச் சொன்னார், பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னார். வைகாசியில், சாமை விதைப்புக்கு முன்னால், மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. கமால் அண்ணனும் தன் பங்குக்கு, இனி மாவுக்கென்று அந்தச் சாமையை மட்டும்தான் எடுப்பேன் என்று மலை முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த ஏற்பாட்டை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மலையில் விதையை யாரும் விற்பதில்லை, மாற்றிக்கொள்வார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டு விதைச் சாமையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதே அளவு நல்லம்மாள் வீட்டு விதையை வாங்கிப் போவார்கள். அவர்கள் கொடுத்த விதை அண்ணனின் லாரியில் ஏறிச் சேந்தமங்கலத்துக்கு வந்து அரவைக்குப் போய்விடும். அதாவது, அன்று சாயங்காலத்துக்குப் பிறகு மலையின் மேட்டுக்காடுகளில் பழைய விதை என்று ஒன்று இருக்காது. அடுத்த வருஷத்துச் சோறு முழுக்க எங்கள் ஒரே ஒரு நிறுத்தக் குறியை நம்பி நிற்கும்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு நிழல்வலைக் கூடத்துப் பக்கம் போனேன். தொட்டிகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மூலையில், பறிக்காமல் விட்டுப்போன கதிர்கள் நன்றாக முற்றித் தலை சாய்ந்திருந்தன. பார்த்ததும் நின்றுவிட்டேன். இத்தனை மாதம் இந்தச் செடிகளை வளர்த்தோமே, ஒரு மணியையாவது முற்றவிட்டு அரைத்துப் பார்த்தோமா? இல்லை. எங்களுக்கு வேண்டியது பிஞ்சு மணி. முற்றிய மணியில் எங்களுக்கு வேலையில்லை. சமையல் தெரிந்த எவரும் செய்யாத, மரபணுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. மாவு கெடாத ரகசியத்தைத் தேடிய எங்களில் ஒருவர்கூட அந்த விதையில் விளைந்ததை மாவாக்கிப் பார்க்கவில்லை.

கதிர்களை உள்ளங்கையில் கசக்கி உமி ஊதி, கல்வத்தில் இடித்து, நீலச் சாயத்தில் போட்டேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நீலம் காணாமல் போயிற்று. திரும்பவும் செய்தேன். திரும்பவும் வெளுத்தது. பக்கத்திலேயே அண்ணன் கொடுத்த பழைய மாவைப் போட்டேன். அதில் நீலம் அசையவில்லை. ஒரே வீட்டுச் சாமை, ஒன்றில் நொதி செத்திருக்கிறது, இன்னொன்றில் திடமாக உயிரோடிருக்கிறது.

செந்திலைக் கூப்பிட்டேன். "எத்தனை காலனி படிச்சோம்?"

"படிக்கக் கொடுத்தது மூணு மேடம். ஒண்ணுதான் வந்திருக்கு. மத்த ரெண்டும் சரியா வரலைன்னு திரும்ப ஓட்டுறாங்க. ஆனா வந்தது ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுனு."

இதைக் கவனித்துக் கேளுங்கள், உங்களில் பாதிப் பேர் இந்தக் குழியில் விழுவீர்கள். நகலெடுக்கும் நொதி அங்கங்கே எழுத்தைத் தப்பாகப் போடும், அது அதன் குணம். அப்படித் தப்பான நகல் ஒரு காலனிக்குள் போய் உட்கார்ந்தால், அந்தத் தப்பைத்தான் இயந்திரம் பளிச்சென்று படித்துக் கொடுக்கும். எழுத்து தெளிவாக இருப்பதால் நகல் சரியாக இருக்கிறது என்று ஆகாது. தனித்தனியாக எடுத்த பல நகல்களில் அதே மாற்றம் வந்தால்தான் அது செடியின் குணம். ஒன்றில் மட்டும் வந்தால் அது நம் குழாயில் நடந்த கைப்பிசகு. செந்திலுக்கு இது தெரியாதா என்ன? பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவார். எதிர்பார்த்த விடையே வந்து நின்றதும், எனக்கும் அவருக்கும் எத்தனை காலனி என்ற கேள்வியே எழவில்லை. நான் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமும் இல்லை.

இயக்குநரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"டாக்டர், உங்க தொட்டியில வேற சாமை கலந்திருக்கலாமில்லையா?"

"இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதைத்தான் சொல்றேன்."

"கூட்டம் ஏற்பாடாயிடுச்சு. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வராங்க. 'முதற்கட்டக் கண்டுபிடிப்பு'ன்னு சொல்லிடுங்க. தப்புன்னா கட்டுரையில திருத்திக்கலாம்."

"கட்டுரையைத் திருத்தலாம் சார். அரைச்ச விதையை என்ன பண்றது?"

கூட்டத்தை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அந்த மரபணுவைப் பற்றிப் பேச வேண்டியவள் நான். என்ன பேச வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'அது பொய்யாக இருக்கலாம்' என்று மட்டும் சொல்லி மேடையில் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். மாவு கெடாமல் இருப்பது கண்ணுக்கு முன்னால் நடக்கிற காரியமாயிற்றே. அது ஏன் என்று தெரிந்தாக வேண்டும். சாயக் குப்பியையும் கொழுப்பு அமிலத்தையும் ஐஸ் வைத்த ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் அண்ணனோடு பஸ் ஏறினேன்.

நல்லம்மாளின் வீடு திருப்புலி நாட்டில் ஒரு பள்ளத்தில் இருந்தது. மூன்று பக்கமும் சரிவு, மதியம் ஆகியும் வாசலில் வெளிச்சம் மங்கலாகத்தான் இருந்தது. என் வயதுதான் அவருக்கும் இருக்கும். நாளைய கூட்டத்துக்கென்று வீட்டில் விதை மூட்டைகளைக் கட்டி அடுக்கியிருந்தார். முகத்தில் பெருமை நிறைந்திருந்தது.

"வாங்க அம்மணி. நாளைக்குத்தான வருவீங்கன்னு நெனச்சேன்."

"நல்லம்மா, ஒரு உதவி. சாமையை அறுத்ததுலேர்ந்து மாவாகிற வரைக்கும் என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாமச் செஞ்சு காட்டுங்க."

"இதுல என்னங்க இருக்குது? எல்லாரும் செய்யறதுதான்."

ஆனாலும் செய்து காட்டினார். மூட்டையிலிருந்து கொஞ்சம் சாமையை அள்ளினார், அடுப்பைப் பற்றவைத்தார், அகலமான மண்சட்டியை ஏற்றினார், சாமையைக் கொட்டிக் கரண்டியால் புரட்டத் தொடங்கினார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"எதுக்குங்க வறுக்கறீங்க?"

"காய வேணாமுங்களா? இந்தப் பள்ளத்துல அறுப்புக் காலத்துல மூடுபனி எறங்குச்சுன்னா வெலகறதே இல்லீங்க. வெய்யிலுக்கு எங்க போறது? மேட்டுக்காட்டுக்காரங்க பாறையில பரப்பிக் காய வெச்சுக்குவாங்க. நாங்க சட்டியில போட்டு வாசம் வர்ற வரைக்கும் பொரட்டி எடுத்தாத்தான் உமி உட்டு வரும்."

"அப்ப எனக்குக் குடுத்த விதை?"

அவர் கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வெதைய யாராச்சும் வறுப்பாங்களா அம்மணி?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதம், இத்தனை படிப்பு, இத்தனை இயந்திரம் எல்லாம் ஒரு சட்டிச் சூட்டைக் கணக்கில் எடுக்காமல் ஓடியிருக்கின்றன. சூடு பட்டால் நொதி செத்துவிடும் என்று முதல் வருஷ மாணவிகூடச் சொல்வாள். எங்களைப் போலவே நல்லம்மாளுக்கும் வறுப்பதற்கும் மாவு கெடாததற்கும் உள்ள தொடர்பு தெரியாது. அவரும் தன் சாமையின் குணம் என்றுதான் நம்பியிருந்தார்.

நம்பிக்கை போதாது, பார்த்துவிட வேண்டும். வாசலிலேயே கண்ணாடி டம்ளர்களை வைத்தோம். அவர் வீட்டுச் சாமையை வறுக்காமல் இடித்து ஒன்றில், வறுத்து இடித்து ஒன்றில். அண்ணனின் பையில் மேட்டுக்காட்டுக் காளியப்பன் என்பவரின் சாமை கொஞ்சம் இருந்தது. அதையும் வறுத்து இடித்து மூன்றாவதில் போட்டோம். நல்லம்மாள் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வறுக்காத மாவு போட்ட டம்ளர் மட்டும் மெல்ல வெளுத்தது. மற்ற இரண்டிலும் நீலம் நின்றது.

என்ன அர்த்தம் என்று அவரிடம் சொன்னேன். மறைத்துப் பேசவில்லை. எந்தச் சாமையாக இருந்தாலும் வறுத்து இடித்தால் கெடாது, உங்கள் சாமையும் வறுக்காமல் இடித்தால் கெடும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மேட்டுக்காட்டுல இந்தச் சாமை விளையுமா?" என்று கேட்டேன். எனக்கு அதுவும் தெரிய வேண்டியிருந்தது.

"எங்க சாமை நெறைய நாளு நெலத்துல நிக்குங்க. கடைசி வரைக்கும் தூத்தலும் பனியும் வேணும். வறண்ட மேட்டுல போட்டாப் பதராத்தான் போகும். அத நான் சொன்னதுக்கு, குடுக்க மனசில்லாமப் பேசறேன்னுட்டாங்க."

"நாளைக்கு இதையெல்லாம் எல்லார் முன்னாலயும் சொல்லப் போறேன் நல்லம்மா. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லுங்க. நான் என்ன, வாயப் பொத்தவா முடியும்?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். டீ கொடுத்து அனுப்பக் கூட வெளியே வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பொருளை நான் இறக்கி வைத்துவிட்டேன், யாருக்கும் வலிக்கும்.

திரும்பி நடக்கும்போது அண்ணன் மெதுவாகச் சொன்னார். "லாரி சொல்லியாச்சும்மா. எல்லார்கிட்டயும் வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்கு நீ இப்பிடிப் பேசுனா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மலையேறுவேன்?"

"நான் பேசாம விட்டா அடுத்த வருஷம் ஏற முடியாதுண்ணே. இவங்க மூஞ்சிக்கு முன்னாடி நிக்கவே முடியாது."



மறுநாள் சோளக்காட்டில் நல்ல கூட்டம். பலாப்பழக் கடைகளுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக விதை மூட்டைகளை மடியிலும் காலடியிலும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் அண்ணனின் லாரி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நல்லம்மாள் முன்வரிசையில் இருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. இயக்குநர் என் காதருகே, "கொஞ்சம் பூசி மெழுகிப் பேசுங்க டாக்டர்" என்றார். எனக்கு அந்தக் கலை வராது என்று அவருக்குத் தெரியும்.

மேடையில் என்ன பேசினேன் என்று இன்றும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "உங்க சாமையை யாரும் குடுக்காதீங்க. நல்லம்மாள் வீட்டு மாவு கெடாததுக்குக் காரணம் விதை இல்லைன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. அவங்க வறுத்து இடிக்கறாங்க. உங்க சாமையையும் வறுத்து இடிச்சா அதுவும் கெடாது. இன்னொண்ணு, அவங்க சாமை பனிப் பள்ளத்துக்குப் பழகுனது. உங்க மேட்டுல வெளையுமான்னு யாரும் போட்டுப் பாக்கலை. நாங்க அவசரப்பட்டுச் சொல்லிட்டோம். உங்க விதையோட வீட்டுக்குப் போங்க."

பந்தலில் எல்லாப் பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. அந்த மேட்டுக்காட்டுக் காளியப்பன் எழுந்து நின்றார். பெரிய குடும்பம், அவர் சொன்னால் பத்து வீடு கேட்கும்.

"நேத்து வரைக்கும் இது தங்கம்னீங்க. இன்னைக்கு எங்களுக்குக் குடுக்கற நேரத்துல வேண்டாங்கறீங்க. ஏதாச்சும் கம்பெனிக்குப் பேசி முடிச்சுட்டீங்களாங்க? சட்டியில வறுத்தா எல்லாம் ஒண்ணுன்னு சொன்னா நம்பற மாதிரியா இருக்குது?"

ஆமாம் ஆமாம் என்று பத்துக் குரல்கள். நிறுத்தக் குறி, காலனி, நகல் எல்லாம் அங்கே செல்லாது. சாயமும் டம்ளரும் காட்டினால் வித்தை என்பார்கள். லாரியில் முதல் மூட்டையை யாரோ ஏற்றவே ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்லம்மாள் எழுந்தார். மேடைக்கு ஏறவில்லை, இருந்த இடத்திலேயே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"அம்மணி சொல்றது நெசந்தானுங்க. எங்கூட்டுல வறுத்துத்தான் இடிக்கறோம். நேத்து என்ற கையால காளியப்பண்ணன் காட்டுச் சாமையத்தான் வறுத்துப் பாத்தோம், அதுவும் எங்களுது மாதிரியேதான் நின்னுச்சு. எங்க வெதைய உங்களுக்குக் குடுக்க எனக்குக் கசக்கலைங்க. மூட்டை கட்டி வெச்சது நான். ஆனா உங்க மேட்டுல இது நிக்காதுங்கறத நான் முன்னாடியே சொன்னேன், நீங்க கேக்கல. எங்க சாமைக்கு வந்த பேரு போனாப் போகுது. உங்க வெதைய எடுத்துட்டுப் போங்க."

காளியப்பன் குனிந்து தன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு நடந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அண்ணன் போய் லாரியில் ஏறிய மூட்டைகளைத் தன் கையாலேயே இறக்கிக் கொடுத்தார். லாரி காலியாகக் கீழே இறங்கியது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரும் கோபமாகப் போனார்கள். இவ்வளவு நடந்தும் எனக்கு அன்று நல்ல பசி, சோளக்காட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

மற்ற இரண்டு காலனிகளும் பிறகு படித்து வந்தன. புதிதாக நகலெடுத்து இன்னும் பலவற்றையும் படித்தோம். எதிலும் அந்த நிறுத்தக் குறி இல்லை. நல்லம்மாள் வீட்டுச் சாமையில் இருப்பது எந்தக் குறையும் இல்லாத, நன்றாக வேலை செய்கிற நொதியின் மரபணு. செந்தில் அதைத்தான் ஆய்வேட்டில் எழுதினார். சாதாரண முடிவு, சின்னக் கட்டுரை. ஆனால் அதில் ஓர் எழுத்துகூட இன்றுவரை திருத்த வேண்டி வரவில்லை. அவர் இப்போது ஓர் ஆய்வகத்துக்குத் தலைவர். ஒற்றைக் காலனியோடு வரும் பிள்ளைகளை அவர் உட்காரவே சொல்வதில்லை என்று கேள்வி. அண்ணனும் மலையேறுவதை நிறுத்தவில்லை. யார் வீட்டுச் சாமையானாலும் சரி, வறுத்து இடித்துக் கொடுத்தால் மாவுக்கு எடுத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதைக் கெட்டிக்காரத்தனக் கதை என்று நான் ஒதுக்கியிருப்பேன். அந்த வருஷம் மழை பாதியிலேயே நின்றுவிட்டது. கார்த்திகையில் வரவேண்டிய தூறலும் இல்லை, பனியும் இறங்கவில்லை. மேட்டுக்காட்டுச் சாமை குறைந்த நாளில் முற்றிவிடும் ரகம், அறுத்துவிட்டார்கள். பள்ளத்தில் நெடுநாள் நிற்கும் நல்லம்மாள் சாமை கதிர் விட்டு, மணி பிடிக்காமலே காய்ந்தது. அவருடைய காடு முழுக்கப் பதர். கூட்டத்துக்கென்று கட்டி வைத்திருந்த மூட்டைகளையும் விதைத்தது போக வறுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள், வேறு வழியில்லை.

அடுத்த விதைப்புக்கு முன் நானும் செந்திலும் ரகங்களைச் சேகரிக்க மலைக்குப் போனோம். காளியப்பன் வீட்டு வாசலில் நிற்கும்போது, மேட்டு வழியில் நல்லம்மாள் ஏறி வருவது தெரிந்தது. இடுப்பில் மடித்துச் செருகிய வெறும் துணிப்பை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகக் காளியப்பனிடம் போனார்.

"அண்ணா, வெதைக்கு வந்தேனுங்க."

காளியப்பன் உள்ளே போய் மூட்டையை எடுத்துவந்து அவிழ்த்தார். பந்தலில் தோளில் போட்டுக்கொண்டு போனாரே, அந்த விதையின் விளைச்சல் அது. நல்லம்மாள் பையை விரித்துப் பிடித்தார். மரக்கால் மரக்காலாக அள்ளிப் போட்டார் அவர். பை நிறைந்த பிறகும் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

நல்லம்மாள் பையின் வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கு இவிய எல்லாம் எங்க வெதைய வாங்கிட்டு, இவிய வெதைய லாரியில ஏத்தியிருந்தாங்கன்னா, இன்னைக்கு நான் எந்த ஊட்டு வாசல்ல போய் நிக்கறதுங்க அம்மணி?"

அந்த மேட்டில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாருடைய காட்டிலும் அந்த ஒரே சாமை நின்று, எல்லாமே பதராகப் போயிருக்கும். அந்த வருஷம் மலையில் விதை கேட்டுப் போக ஒரு வாசல்கூட இருந்திருக்காது.